காணாதார் முன் எரியும் விளக்கு

எரிகின்ற விளக்கால் யாருக்குப் பயன் என்று கேட்பது சிக்கனத்தின் முதற்பாடம். நம் தோட்டப்புறத்து முன்னோர் அந்தப் பாடத்தை ஏட்டில் கற்றவரல்லர். மண்ணெண்ணெயை அளந்து வாங்கிய காலத்தில், ஆளில்லா அறையில் விளக்கு எரிந்தால் வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார். பின்னாளில் தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் வழங்கிய போதும் அந்த வழக்கம் மாறவில்லை. இன்று நமக்கு மின்சாரம் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றது. எனினும் மின்கலத்தை நம்பி இயங்கும் கருவிகளைப் பொறுத்தவரை நாம் இன்னும் எண்ணெய் அளந்து வாங்கும் நிலையிலேயே இருக்கிறோம். மின்கலத்தில் உள்ளது தீர்ந்தால் வேலை நின்றுவிடும்.

அத்தகைய கருவிகளுள் ஒன்றாகிய மடிக்கணினி, பார்வையற்ற ஒருவர் முன்னே காலை முதல் மாலை வரை விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, அவருடைய மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த ஒளியால் அவருக்கு எள்ளளவும் பயனில்லை. அதை அணைக்க எளிய வழி வேண்டும் என்று அவர் கேட்டால், "இதுவும் ஒரு குறையா?" என்று நாம் கேட்கிறோம். இது சிறு செய்தியன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியருக்கும் இதில் பங்குண்டு என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

குரலால் ஆளப்படும் கணினி

பார்வையற்றவர் கணினியை எவ்வாறு ஆளுகிறார் என்பதை அறியாதார் நம் ஆசிரியருள்ளும் பலர் உளர். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து படித்துச் சொல்வார் என்றே அவர்கள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், திரையில் எழுத்தாக இருப்பதைக் குரலாக மாற்றிச் செவிக்குத் தருகிறது. பயன்படுத்துவோர் சுட்டியைத் தொடுவதில்லை. விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்கின்றனர். பழகிய செவியுடையோர் அக்குரலை நாம் பின்தொடர முடியாத விரைவில் ஓடவிட்டுக் கேட்கின்றனர். புடைப்பெழுத்துப் பட்டையை இணைத்து விரலால் படிப்போரும் உண்டு.

இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் 1989ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதன் விலை எல்லாருக்கும் எட்டுவதாக இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கி, அதனை விலையின்றி உலகுக்கு வழங்கினார். தமிழையும் படிக்கும் குரல் அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2005இல் தன் கணினிகளிலும் 2009இல் தன் கைப்பேசியிலும் இவ்வசதியை உள்ளேயே அமைத்தது. ஆகவே, செவியால் படித்து விரலால் எழுதும் மாணவன் ஒருவன் நம் வகுப்பில் வந்து அமரக்கூடும் என்பது கற்பனையன்று.

திரையே இல்லாத கணினியும் புதிதன்று. டீன் பிளேசி என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1987இல் வெளியிட்ட பிரெயில் அண்ட் ஸ்பீக் என்னும் கையடக்கக் கருவியில் திரையே கிடையாது. புடைப்பெழுத்து விசைகளால் எழுதலாம். எழுதியதைக் குரல் படித்துக் காட்டும். பார்வையற்றோர்க்கென்றே சிந்தித்தவர் திரையை வைக்கவில்லை. பொதுமக்களுக்கென்று சிந்தித்தவரோ திரையை வைத்ததோடு நில்லாமல், அதை அணைக்கும் உரிமையையும் முறையாகத் தர மறந்துவிட்டனர்.

கணக்குப் பார்ப்போம்

திரையை அணைத்தால் என்ன மிஞ்சிவிடும் என்பார்க்கு எண்களாலேயே விடை கூறலாம். மடிக்கணினியின் மின்கலம் 50 வாட்மணி ஆற்றல் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். எழுதுதல், படித்தல் போன்ற மெல்லிய வேலைகளின்போது கணினி முழுவதும் 8 வாட் செலவழிக்கிறது. அதில் திரைக்கு மட்டும் 3 வாட் போகிறது. இவை மிகைப்படுத்திய அளவுகள் அல்ல. இந்தக் கணக்கில் மின்கலம் ஆறேகால் மணி நேரம் தாங்கும். திரையை அணைத்தால் செலவு 5 வாட்டாகக் குறையும். அதே மின்கலம் 10 மணி நேரம் தாங்கும். மூன்றேமுக்கால் மணி நேரம் மிச்சம்.

கடினமான வேலைகளின்போது இவ்வளவு மிஞ்சாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினி 15 வாட் விழுங்கும் வேளையில் 3 வாட் குறைத்தால், 3 மணி 20 நிமிடம் என்பது 4 மணி 10 நிமிடமாக நீளும். அப்போதும் 50 நிமிடம் கிடைக்கிறது. அது ஒரு பாடவேளைக்கு மேற்பட்ட நேரம் என்பதை ஆசிரியர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இந்நேரத்தின் மதிப்பு எல்லாருக்கும் ஒன்றன்று. மின்கலம் தீர்ந்தால் பார்வையுள்ள மாணவன் பையிலிருந்து குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்வான். அல்லது அறையை ஒருமுறை நோட்டமிட்டு மின்செருகி இருக்கும் இடத்தைக் கண்டுகொள்வான். பார்வையற்ற மாணவனுக்கு அக்கணினியே புத்தகம், குறிப்பேடு, எழுதுகோல், அகராதி எல்லாம். அது அணைந்தால் நான்கும் ஒருசேரப் போகும். பழகாத மண்டபத்தில் மின்செருகியைத் தேட வேண்டுமெனில் சுவரைத் தடவிக்கொண்டு செல்ல வேண்டும். அல்லது எவரையாவது அழைத்துக் கேட்க வேண்டும். நெடுந்தொலைவுப் பேருந்தில் அமர்ந்து படித்துச் செல்பவர் யாரை அழைப்பார்? மின்கலம் யாருக்கு மிக இன்றியமையாததோ அவருடைய மின்கலமே வீணாகிறது. இந்த முரண்பாட்டைத்தான் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அணைப்பது அத்தனை எளிதா?

"வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டுமே" என்று சிலர் கூறலாம். அணைத்துப் பார்த்தவரே அதன் இடர்ப்பாட்டை அறிவர்.

ஒளியைக் குறைக்கும் விசை எல்லாக் கணினியிலும் உண்டு. சில கணினிகளில் கடைசிப் படிக்குச் சென்றதும் ஒளி முற்றும் அணைந்துவிடும். வேறு பலவற்றில் மிகக் குறைந்த அளவோடு நின்றுவிடும். விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். எந்தப் படியில் இருக்கிறோம் என்று சொல்லும் குரலும் எல்லாவற்றிலும் இல்லை. தாம் திரையை அணைத்துவிட்டோமா, முழு ஒளியில் ஏற்றிவிட்டோமா என்று தெரியாமல் ஒருவர் விசையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியுள்ளது.

சில நிமிடம் தொடாமலிருந்தால் திரை தானே அணையுமாறு அமைத்துவிடலாம் அல்லவா? அமைக்கலாம். ஆனால் ஒரு விசையைத் தொட்டதும் திரை மீண்டும் விழித்துக்கொள்ளும். விசையைத் தொடுகிறவர் திரையைப் பார்க்கிறார் என்பது கணினியை வடித்தவர் கொண்ட முடிபு. விசைப்பலகை ஒன்றையே நம்பி வாழ்பவர்க்கு இவ்வழி எவ்வாறு உதவும்? எழுதாமல் இருக்கும்போது திரை அணையும்; எழுதத் தொடங்கினால் எரியும்.

மூடியைச் சாத்தினாலும் கணினி உறங்காதிருக்குமாறு அமைக்க முடியும்; மூடினால் திரை அணைந்துவிடும். ஆனால் மூடிக்குள் விசைப்பலகையும் அகப்பட்டுவிடுகிறது. எனவே தனி விசைப்பலகை ஒன்றைச் சுமந்து செல்ல வேண்டும். இன்னும் சிலர், வெளித்திரை ஒன்று இணைந்திருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் சிறு செருகியை வாங்கிப் பொருத்தி, "இரண்டாம் திரையில் மட்டும் காட்டு" என்று கட்டளையிட்டு, முதல் திரையை அணைக்கின்றனர். அவர்தம் மதிநுட்பத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் இல்லாத திரையை இருப்பதாகக் காட்டித்தான் இருக்கும் திரையை அணைக்க வேண்டுமென்றால், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம்மவர் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டா.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். என்விடிஏயின் 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த பதிப்பில் திரைச்சீலை என்னும் வசதி சேர்க்கப்பட்டது. அதை இயக்கினால் திரை முழுவதும் கறுப்பாகும், குரல் தொடரும். ஜாஸிலும் ஆப்பிள் கருவிகளிலும் இதையொத்த வசதிகள் உள்ளன. திரை கறுத்துவிட்டதால் மின்சாரமும் மிஞ்சும் என்று பலர் எண்ணுகின்றனர். அது திரையின் வகையைப் பொறுத்தது. ஓலெட் வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்பென்றால் அப்புள்ளி அணைந்துவிட்டது என்று பொருள். ஆகவே அங்கே மிச்சம் உண்டு. நீர்மப்படிகத் திரையின் இயல்பு வேறு. அதன் பின்னே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; முன்னுள்ள படிகம் ஒளியை விடவோ மறைக்கவோ செய்யும். அங்கே கறுப்பு என்பது மறைக்கப்பட்ட ஒளியேயன்றி அணைக்கப்பட்ட ஒளியன்று. சன்னலுக்குத் திரை போட்டுவிட்டு அறைக்குள் விளக்கை எரியவிடுவது போன்றது அது. நம் மாணவர் கைகளில் உள்ள விலை குறைந்த மடிக்கணினிகளுள் மிகப் பல இவ்வகைத் திரை கொண்டவையே.

திரைச்சீலையால் பயனில்லை என்று நான் கூறவில்லை. அதன் பயன் மறைவடக்கம். பேருந்திலும் நூலகத்திலும் அமர்ந்திருக்கும் பார்வையற்றவர் தம் வங்கிக் கணக்கையோ உறவினர் மடலையோ செவியால் படிக்கும்போது, பின்னிருக்கையில் உள்ளவர் அதைக் கண்ணால் படிக்கக்கூடும். தம் திரை எரிகின்றது என்பதும், அதை ஒருவர் உற்று நோக்குகிறார் என்பதும் அவருக்குத் தெரியாது. பார்வையுள்ளோர் கணினியைச் சற்றே திருப்பி வைத்துக் காத்துக்கொள்ளும் மறைவை, பார்வையற்றவர் திரையை மறைத்துத்தான் காத்துக்கொள்ள முடியும். மறைவு வேண்டுவோர்க்குச் சீலை போதும். மின்சாரம் மிஞ்ச வேண்டுவோர்க்குப் பின்னொளியே அணைய வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டையும் கொடுத்ததாகக் கணக்குக் காட்டலாகாது.

மறுப்பாரும் மறுமொழியும்

பார்வையற்றோர் எனப்படுவோரில் ஒளியும் நிழலும் காண்போர் உளர், பெரிய எழுத்தைப் படிக்க வல்லோர் உளர், அவர்க்குத் திரை வேண்டுமே என்பது முதல் மறுப்பு. இது நேர்மையான மறுப்பு. இதை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாருடைய திரையையும் இருட்டாக்கச் சொல்பவர் எவருமிலர். வேண்டுவார் ஏற்றவும் வேண்டாதார் அணைக்கவும் வகை செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. இன்றைய ஏற்பாடு ஏற்றுவதற்கு மட்டுமே வகை செய்கிறது.

திரைவாசிப்பான் திடீரென ஊமையாகிவிட்டால் உதவிக்கு வருபவர் இருட்டுத் திரையில் என்ன செய்வார் என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கு விடை எளிது. ஒரே விசைக்கூட்டால் திரை மீண்டும் எரிய வேண்டும். கணினியை மறுபடி தொடக்கினால் ஒளி தானே வர வேண்டும். பொறியாளர்க்கு இது பெரிய வேலையன்று.

கூடுதல் மின்கலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாமே என்பது மூன்றாம் மறுப்பு. ஒரு கையில் வெண்கோலும் தோளில் பையும் சுமந்து நடப்பவரிடம், வீணாகும் ஒளிக்காக இன்னொரு சுமையையும் ஏற்றிக்கொள் என்று சொல்வது அறமா? வாளி ஒழுகினால் ஓட்டையை அடைப்போமா, இன்னொரு வாளி வாங்கச் சொல்வோமா?

நான்காம் மறுப்பு நம் ஆசிரியரிடமிருந்தே வருவது. ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் இதுபற்றிப் பேச்சு எழுந்தபோது, அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர், "திரையை அணைத்துவிட்டால் பையன் பாடம் படிக்கிறானா, வேறெதையோ கேட்கிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அரங்கில் பலர் தலையசைத்தனர். அந்த ஆசிரியரின் கடமையுணர்வை நான் ஐயுறவில்லை. ஆனால் அக்கேள்வியின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாணவனின் மின்கலம் ஆசிரியரின் கண்ணுக்காக எரிய வேண்டும் என்பதல்லவா அதன் பொருள்? காதொலிப்பானைக் கழற்றச் சொல்லி ஒரு பத்தியைக் கேட்டால் அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். ஏடு விரித்து வைத்திருக்கும் பார்வையுள்ள மாணவனின் மனம் எங்கே நிற்கிறது என்பதை நாம் வினாக் கேட்டுத்தானே அறிகிறோம்? அதே வழி இங்கும் உண்டு.

"அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள்" என்பது இறுதியாகச் சொல்லப்படுவது. இது மறுப்பே அன்று. நம் சோம்பலுக்கு நாம் இட்ட பெயர். ஒருவர் சமாளிக்கிறார் என்பது அவருடைய திறமைக்குச் சான்று. நம்முடைய நீதிக்குச் சான்றாகாது.

தமிழ் எங்கே நிற்கிறது?

இதுவரை சொன்னவை கணினி செய்வோர் கேட்க வேண்டியவை. இனிச் சொல்லப்போவது நாம் கேட்க வேண்டியது.

ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கணினியில் திரைவாசிப்பானை நிறுவி, தாம் அணியமாக்கிய பயிற்சித்தாள் ஒன்றைத் திறந்து, திரையை மறைத்துவிட்டுச் செவிமடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். பலருக்கு அப்போது இரண்டில் ஒன்று நேரும். ஒன்று, குரல் எதுவும் எழாது. அந்தத் தாள் அச்சேட்டை ஒளிநகல் எடுத்த படமாக இருக்கும். படத்தில் உள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் எழுத்தாகக் கொள்வதில்லை. மற்றொன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக ஒலிக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடம் அவ்வாறுதான் பேசும். கண்ணுக்கு "அ" என்று தோன்றுவது கணினிக்குள்ளே வேறோர் ஆங்கிலக் குறியாக இருக்கிறது. திரை எரிந்துகொண்டிருக்கும் வரை இந்தப் பொய் நமக்குத் தெரிவதில்லை. திரை அணைந்ததும் வெளிப்பட்டுவிடுகிறது.

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991இலேயே தமிழ் அதில் இடம்பெற்றது. கணினித் தமிழுக்கு உழைத்தவரில் நம் நாட்டவர் பின்தங்கியவரல்லர். முத்து நெடுமாறனின் முரசு இம்மண்ணில் பிறந்தது. அத்தகைய நாட்டின் தமிழ்ப்பள்ளியில், ஒருங்குறியில் இல்லாத பாடமும் படமாக மட்டும் உள்ள பாடமும் இன்றும் கைமாறி வருகின்றன என்றால், அது கருவியின் குறையன்று. பார்வையற்ற மாணவன் நம் பாடத்தைப் படிக்கக்கூடும் என்னும் எண்ணமே நமக்கு எழவில்லை என்பதுதான் குறை.

எண்ணம் எழாமைக்குக் காரணம் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டா. நம் பேச்சே சான்று. பொருளறியாமல் ஒப்பிப்பதைக் குருட்டுப் பாடம் என்கிறோம். ஆராயாமல் செல்வதைக் குருட்டாம்போக்கு என்கிறோம். செவியால் ஒரு நூலை முழுதும் கேட்டு, அதன் அமைப்பை மனத்தில் நிறுத்தி, வேண்டிய பத்திக்கு விசையால் தாவிச் செல்லும் மாணவனைவிடப் பொருளறிந்து படிப்பவன் யார்? எழுதாக் கிளவி என்றும் கேள்வி என்றும் செவிவழிக் கல்வியைப் போற்றிய மரபின் வழிவந்த நாம், செவியால் கற்பதைக் குறையாகக் கருதுவது பொருந்தாது.

மலேசியத் தமிழர்க்குப் பார்வையற்றோர் அயலாரும் அல்லர். தலைநகரில் தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே, 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இயங்கி வருகிறது. மல்லிகைச் சரமும் சேலையும் வாங்கச் செல்லும் நாம், அங்கே நடைபாதையில் பதித்துள்ள புடைப்புக் கற்களை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம். அக்கற்கள் யாருக்காகப் பதிக்கப்பட்டன என்பதை எண்ணாமல் அவற்றின் மேல் வண்டியை நிறுத்துவோரும் நம்மில் உண்டு.

செய்ய வேண்டுவன

கணினி செய்வோரும் இயங்குதளம் எழுதுவோரும் செய்ய வேண்டுவன மூன்று. பின்னொளியை முற்றும் அணைக்கும் விசைக்கூட்டு ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருத்தல் வேண்டும். விசையைத் தொட்டாலும், பயன்படுத்துவோர் கட்டளையிடும் வரை திரை விழிக்கலாகாது. திரை எரிகிறதா, அணைந்ததா என்பதைக் குரல் அறிவித்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது ஒன்று. மாற்றுத்திறனாளர்க்கான சட்டம் நம் நாட்டில் 2008இல் இயற்றப்பட்டது. கல்வியையும் தகவல் தொழில்நுட்பத்தையும் அவர்கள் அணுகுவதுபற்றி அது பேசுகிறது. கல்விக்கெனக் கணினிகளை மொத்தமாக வாங்குவோர், மேற்கூறிய மூன்றையும் வாங்கும் நிபந்தனையாக எழுதிவிட்டால் விற்போர் தாமே வழிக்கு வருவர்.

ஆசிரியப் பெருமக்களே, நாம் செய்ய வேண்டுவன நம் கையெட்டும் தொலைவிலேயே உள்ளன. பாடங்களை ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்வோம். படமாக மட்டும் ஒரு பக்கத்தையும் அனுப்பாதிருப்போம். படம் தேவையாயின் அதன் பொருளை எழுத்தில் சேர்ப்போம். பார்வையற்ற மாணவன் வகுப்பில் இருப்பின் மின்செருகிக்கு அருகே இடமளித்து, அது இருக்கும் இடத்தை முதல்நாளே அவன் கைப்பிடித்துக் காட்டுவோம். அவன் திரையை அணைத்து வைத்திருந்தால் ஏனென்று கேளாதிருப்போம்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொன்றையும் முடிப்பதற்குமுன் ஒருமுறை திரையை அணைத்துவிட்டு இயக்கிப் பாருங்கள். அப்போது இயங்காதது எதுவோ, அது இன்னும் முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

பார்வையற்றவர்க்கு ஒளியூட்டுவோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர்கள் கேட்பது நம் ஒளியையன்று. பயனின்றி எரியும் ஒளியை அணைத்துக்கொள்ளும் உரிமையையும், அதனால் மிஞ்சும் சில மணி நேரத்தையும், அந்நேரத்தில் படிக்கத் தக்க தமிழையும் கேட்கின்றனர். முதலிரண்டைப் பெற்றுத்தர நாம் குரல் கொடுக்கலாம். மூன்றாவதை நாமே தர வேண்டும். அதை நமக்காகச் செய்துதர வேறு எவரும் வரப்போவதில்லை.